துணி படிக்கும் மெஷின்

எங்கள் வாஷிங் மெஷின் நின்றுபோனபோது அதற்குள் என் கணவர் அமுதனின் கைக்குட்டைகள் நனைந்து கிடந்தன. கண்ணாடிக் கதவு வழியே அவை தெரிந்தன. பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினேன். உள்ளே ஏதோ ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் இல்லை.

எனக்குப் பயம் வந்தது. மெஷின் கெட்டுப்போனதற்கு யாரும் இப்படிப் பயப்பட மாட்டார்கள். ஊரில் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்போம். இங்கே பழையதைத் தொட ஆளில்லை, புதியதுதான் வாங்க வேண்டும். புதிய மெஷின்கள் எல்லாமே துணியைப் படிப்பவை.

ஹால்விக் என்ற இந்த வடக்குத் துறைமுக நகரத்துக்கு நாங்கள் வருவதற்கு முன்பு, ஒரு குளிர்காலம் முழுக்க இங்கே கொள்ளைக் காய்ச்சல் இருந்ததாம். அதற்குப் பிறகு சட்டம் போட்டார்கள். விற்கப்படும் ஒவ்வொரு வாஷிங் மெஷினும் துணி அலசிய நீரைச் சோதிக்க வேண்டும். இருமியது, தும்மியது, வியர்த்தது எல்லாம் கடைசியில் துணியில்தானே சேர்கிறது. மெஷினின் நெற்றியில் ஒரு விளக்கு இருக்கும். பச்சை என்றால் வீட்டில் எல்லாரும் நலம். சிவப்பு என்றால் சுகாதாரத் துறைக்கு உடனே செய்தி போய்விடும்.

இந்த நாட்டுக்காரர்களுக்குச் சிவப்பு ஒரு வரம். வண்டி வாசலுக்கு வரும், வைத்தியம் இலவசம். எங்களைப் போலப் பிழைக்க வந்தவர்களுக்கு வேறு விதி. நுரையீரல் நோய் என்றால் அனுமதி ரத்து. வைத்தியத்தை உங்கள் ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமுதன் மீன் குளிர்கிடங்கில் இயந்திரக் கைகளைப் பராமரிக்கும் பொறியாளர். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் உடம்பு சுட்டது. சட்டைக் காலருக்கு மேலே கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. நான் நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவள். மனைவி விசாவில் வந்ததால் வேலை செய்ய முடியாது. படித்ததெல்லாம் அவர் இருமும்போது ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது.

"கெடங்குக் குளுருதான் கண்ணு. வேறொண்ணுமில்ல."

"நேத்து சளி செவப்பா இருந்துச்சுங்க."

"பீட்ரூட் தின்னேனல்ல" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

டாக்டரிடம் போகவில்லை. டாக்டரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். வரும் கோடையில் எங்களுக்கு நிரந்தரக் குடியுரிமை கிடைக்க வேண்டும். அதுவரை தாங்கினால் போதும் என்பது அமுதனின் கணக்கு. நிரந்தரமானவர்களை அனுப்ப முடியாது.

கைக்குட்டைகளைக் குளியல் தொட்டியில் போட்டுக் கையால் துவைத்தேன். அப்படியே காலம் தள்ளலாம் என்றால், மெஷின் இல்லாத வீட்டின் வாடகை ஒப்பந்தம் செல்லாது. படிக்காத பழைய மெஷின் எங்காவது கிடைக்குமா என்று தேடினேன். பழைய மெஷின்களைத் திரும்ப வாங்கும் கிடங்குக்கே போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு கிரேன் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி நசுக்கிக்கொண்டிருந்தது.

மேல்மாடி ஜெனிபா அக்கா என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். தூத்துக்குடிக்காரர். கணவர் கப்பலில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். மூன்று வயது மகன் ரூபன் இங்கேயே பிறந்தவன். இங்கே பிறந்த குழந்தைக்கும் அதன் தாய்தகப்பனுக்கும் இந்த நாட்டுக்காரர்களின் விதிதான். அதனால் அக்காவுக்கு எந்தப் பயமும் இல்லை.

கடையில் மெஷின்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அணைந்த விளக்கு. ரூபன் தள்ளுவண்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டே வந்தான். விற்பனையாளன் காதில் வளையம் போட்ட உயரமான பையன். என்ன வேண்டும் என்று கேட்டான். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

"கொஞ்சம் எளியதாக" என்றேன்.

அவன் ஒரு சின்ன மெஷினைக் காட்டினான். அதற்கும் நீரைப் படிக்கும் கண் இருந்தது.

"இந்தக் கண்ணு இல்லாதது கெடையாதாம்மான்னு கேளு. நீ கேக்கமாட்ட. நானே கேக்கேன்" என்று அக்கா அவனிடம் கேட்டேவிட்டார்.

அவன் புன்னகை மாறவில்லை. ஆனால் என்னைத்தான் பார்த்தான். "ஏன் வேண்டாம்?"

காது மடல் சுட்டது. பின்னால் நின்ற ஒரு கிழவரும் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"கரண்டு மிச்சமாகுமே" என்றார் அக்கா. பிறகு என்னிடம் தமிழில், "இது துணி தொவைக்குமா, இல்ல சாதகம் பாக்குமாட்டி? மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க, களவாண்டவ மாதிரி" என்றார்.

பையன் ஆர்வமாக விளக்கினான். "நீருக்குள் ஒரு சாயம் விடுவோம். கிருமி இருந்தால் சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். நீல ஒளி பட்டால் ஒட்டிய இடம் மட்டும் பச்சையாக மின்னும். கண் அதை எண்ணும். மிகக் கொஞ்சம் இருந்தாலும் தப்பாது. என் அம்மாவை இதுதான் காப்பாற்றியது."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மெஷின் வந்தது. பொருத்தியவர்கள் குடியிருப்பவர்களின் பெயர் கேட்டுப் பதிந்தார்கள். முதல் சலவைக்கு என் துணிகளை மட்டும் போட்டேன். அது சுழன்று நிற்கும்வரை எதிரிலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். பச்சை.

இதற்கிடையில் ஈரோட்டில் டாக்டராக இருக்கும் அமுதனின் அத்தை மகளிடம் பேசினோம். திட்டினாள். பிறகு அழுதாள். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு நண்பரின் பெட்டியில் மாத்திரைகள் வந்து சேர்ந்தன. "அரை வருசம். ஒரு நாள் விடக்கூடாது. மொதல்ல கொஞ்ச நாளைக்குக் கொழந்தைங்கள கிட்டச் சேக்காதீங்க" என்றாள்.

ரூபன் நினைவுக்கு வந்தான். அக்கா காலையில் ரொட்டிக் கடை வேலைக்குப் போகும்போது அவனை எங்கள் வீட்டில்தான் விட்டுப்போவார். அமுதனின் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் மீசையை இழுப்பது அவன் விளையாட்டு. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல முடியாது. "நான் மூஞ்சியத் திருப்பிக்கறேன்" என்றார் அமுதன்.

தீபாவளிக்கு மாமியார் அமுதனுக்குச் சட்டை அனுப்பியிருந்தார். புதுத்துணிக்கு வழக்கம்போலக் காலரின் உள்பக்கம் மஞ்சள் தடவி அனுப்பியிருந்தார். அமுதன் ஒருமுறைகூட உடுத்தாத சட்டை. அதனால் பயமில்லாமல் என் துணிகளோடு சேர்த்துப் போட்டேன். சலவை பாதியில் இருக்கும்போதே விளக்கு அணைந்தது. வெள்ளையாக மின்ன ஆரம்பித்தது. மெஷின் தானாகவே யாரையோ அழைத்தது.

மதியம் ஒரு பழுதுபார்ப்பவர் வந்தார். குளியலறைத் தொட்டியில் அமுதனின் கைக்குட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. நான் அந்தக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

அவர் மெஷினின் அடிப்பெட்டியைத் திறந்து ஒரு சின்னத் திரையைப் பார்த்தார். "விநோதம்" என்றார். "நீர் முழுக்கப் பச்சையாக மின்னியிருக்கிறது. அவ்வளவு கிருமி உலகத்திலேயே இருக்காது. ஏதோ பூக்கறை, இல்லாவிட்டால் சாயம். வெயிலை நேராகப் பார்த்த மாதிரி கண் கூசி மூடிக்கொண்டது."

"இனி என்ன செய்யும்?"

"ஒன்றும் செய்யாது. புது மெஷின் என்பதால் எங்களை அழைத்துவிட்டது. இனி அழைக்காதபடி மாற்றி வைத்துவிட்டேன். படிக்க முடியாதபோது கடைசியாகப் படித்த நிறத்தையே காட்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு கறைக்கும் நாங்கள் ஓடி வர வேண்டும்." எழுந்தார். "கை கழுவலாமா?"

அவர் பார்வை குளியலறைக் கதவுக்குப் போனது. "சமையலறையில் கழுவுங்கள், இங்கே குழாய் சரியில்லை" என்றேன். அவர் சமையலறைக்குப் போனார்.

விளக்கு பச்சையாக எரிந்தது. என் பச்சை. போன வாரத்துப் பச்சை.

கல்லூரி ஆய்வகத்தில் எங்களை ஏமாற்றிய பொருள்தான் அது. மஞ்சளில் இருக்கும் நிறமி நீல ஒளியில் தானே மின்னும். ஒளியை வைத்துச் செய்யும் சோதனை எதிலும் புகுந்து பொய் சொல்லும். மஞ்சள்கறை பட்ட கையோடு ஆய்வகத்துக்கு வராதே என்று எங்கள் மேடம் விரட்டுவார். ஊர் சோப்பு பட்டால் மஞ்சள் சிவந்துபோகும். இங்கே சோப்புத் திரவத்தில் காரமில்லை. சிவக்காமல் மின்னிக்கொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சலவைக்கும் ஒரு சிட்டிகை மஞ்சள். கைக்குட்டைகள் மெஷினுக்குள் போயின. விளக்கு பச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் குறைவாக அடித்தது. அமுதனின் இருமலும் குறைந்துகொண்டு வந்தது.

ஒருநாள் ரூபனை அழைக்க வந்த அக்கா, என் கையில் மஞ்சள் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"துணிக்கா போடுத?"

"ஆமாங்க்கா. கிருமி போகும்."

இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வரும் என்று நான் நினைத்ததில்லை. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்றால் நம் ஆட்களில் யார் மறுபடி கேட்பார்கள்?

"எங்க வீட்ல புதுத்துணிக்கு மஞ்ச தடவுத பழக்கம் கெடையாது. ஆனா மருந்துன்னா போடவேண்டியதுதான. பிள்ளைக்கு எப்பவும் மூக்கு ஒழுகிக்கிட்டே கெடக்கு." பிறகு, "படிச்சவ படிச்சவதாம்ப்பா" என்றார்.

பொங்கலுக்குப் பள்ளிக்கூட அரங்கில் தமிழர்கள் எல்லாரும் கூடினோம். பந்தியில் அக்கா துணிக்கு மஞ்சள் போடுவதைப் பற்றிச் சொன்னார். "தாரகை சொல்லிச்சு, மைக்ரோபயாலஜி படிச்ச பிள்ளை" என்று என்னைக் கைகாட்டினார். பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு போட வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு சிட்டிகை" என்றேன்.

பனி உருகும் காலத்தில் ரூபன் இருமினான்.

சளிதான் என்று நினைக்க முயன்றேன். ஆனால் நிற்கவில்லை. மடியில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. சாயங்காலம் தொட்டால் சுட்டான். தூக்கியபோது போன மாதத்தைவிட எடை குறைந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்" என்றார் அக்கா. "அந்த நர்சு நல்ல பிள்ளை. கம்ப்யூட்டர்ல எங்க வீட்ட பாத்தா. பச்சையாத்தான இருக்கு, நெஞ்சுப் படம் எல்லாம் தேவையில்லன்னு தேன் மருந்து குடுத்து அனுப்பிட்டா. நமக்கும் நிம்மதி."

அக்கா நிம்மதியாகத்தான் இருந்தார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அமுதனிடம் சொன்னேன்.

"சொல்லிப்போடலாங்க. அக்காகிட்ட மட்டுமாவது."

"சொன்னா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆருகிட்டயிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. எனக்கு நெஞ்சுல தழும்பு இருக்கும். படம் எடுத்தாத் தெரிஞ்சுபோகும். கோடைக்கு இன்னும் எத்தன நாளு கண்ணு. பொறுத்துக்க."

"அவன் பொறுப்பானாங்க?"

"வெறும் சளியாக் கூட இருக்கலாமல்ல."

"பீட்ரூட்டாக் கூட இருக்கலாம்" என்றேன்.

அக்காவிடம் சொல்ல இரண்டுமுறை மாடி ஏறினேன். இரண்டுமுறையும் கதவைத் திறந்த அவர் முகத்தைப் பார்த்ததும் உப்பு கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

சனிக்கிழமை காலை அக்கா ரூபனை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அமுதன் கடைக்குப் போயிருந்தார். நான் அமுதனின் கைக்குட்டைகளை மட்டும் எடுத்து, மஞ்சள் போடாமல், மெஷினில் இட்டேன். சிவப்பானால் ஆகட்டும், எங்களிடம் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். மெஷின் நிதானமாகச் சுழன்றது. கண் நீரைப் படித்தது.

பச்சை.

மறுபடி பார்த்தேன். இது பழைய நிறமில்லை. சற்றுமுன் படித்த நிறம். மாத்திரை வேலை செய்திருந்தது. அமுதனிடம் கிருமி இல்லை. இதுவரை எங்கள் வீட்டில் எரிந்தது பொய்ப் பச்சை, இது நிஜம். இனி மஞ்சளும் வேண்டாம், பயமும் வேண்டாம். கோடை வரை ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான்.

ரூபன் அறையில் இருமினான். போய்ப் பார்த்தேன். பொம்மைக் கப்பலைப் பிடித்தபடி, சட்டையின் முன்பக்கம் நனைய இருமியிருந்தான். சட்டையைக் கழற்றினேன். விலா எலும்புகள் ஏறி இறங்கின. என் ஸ்வெட்டரை அவனுக்குப் போட்டுவிட்டேன். அது அவன் காலையும் மூடியது. "நான் பேயி" என்று கையை ஆட்டிக் காட்டினான்.

சட்டை என் கையில் இருந்தது. அக்காவிடம் போய், மஞ்சள் போடாமல் ஒருமுறை துவையுங்கள் என்று சொன்னால் போதும். அவர்கள் வீட்டில் சிவப்பு எரியும். ஆனால் ஏன் என்று கேட்பார். அந்த 'ஏன்' முன்னால் நிற்க என்னால் முடியாது. வாயால் சொல்ல வராததைத் துணியில் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் எரிந்தால், எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாரையும் சோதிப்பார்கள்.

சட்டையை மட்டும் உள்ளே போட்டு மூடினேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அமுதன் வந்தார். பையை இறக்கி வைத்தார். கண்ணாடிக்குள் ஒற்றைச் சின்னச் சட்டை சுழல்வதைப் பார்த்தார். மூடியபடி அலமாரியில் இருந்த மஞ்சள் டப்பாவைப் பார்த்தார்.

"என்ன பண்ற தாரகை?"

என்னைப் பெயர் சொல்லி அழைத்தால் கோபம் என்று அர்த்தம்.

"நிறுத்திப் போடலாம். இன்னும் படிக்கல." அவர் விரல் பொத்தானுக்கு மேலே போனது. "நாலு வருசம். உன்னைய இங்க வேலைக்கு அனுப்போணும், நீ மேல படிக்கோணும்னு..."

"உங்களுக்கு இப்ப கிருமி இல்லீங்க. கைக்குட்டையப் போட்டுப் பாத்தேன். பச்சைதான் வந்துச்சு."

அவர் திரும்பினார். "நெசமாவா?"

"நெசமா."

"அப்புறம் எதுக்குடி?"

ரூபன் ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டு வந்தான். தடுக்கி விழப்போனவனை அமுதன் பிடித்துத் தூக்கினார். அவன் அவர் மீசையைப் பிடிக்கக் கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. இருமல். அவன் உடம்பு மொத்தமும் அவர் தோளில் குலுங்கியது. இருமி முடித்ததும் களைத்துப்போய் அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டான். அமுதன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவருடைய மற்றொரு கை பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. மூன்று பேரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சிவப்பு எரிந்தது. இவ்வளவு அழுத்தமான சிவப்பு என்று நான் நினைத்திருக்கவில்லை. ரூபன் அதைப் பிடிக்கப் பார்த்தான்.

உடனே என் போன் அடித்தது. ஒரு பெண்ணின் குரல், கனிவாக. பயப்பட வேண்டாம் என்றாள். வண்டி கிளம்பிவிட்டது என்றாள். "உங்கள் வீட்டில் இரண்டு பேர். யாருக்கு இருமல்?"

"மூன்றாவதாக ஒரு குழந்தை இருக்கிறான்" என்றேன். "மேல்மாடி. அவனை முதலில் பாருங்கள். அது அவன் சட்டை."

"அந்த வீடு பச்சையாக இருக்கிறதே. எப்படி வந்திருக்கும்?"

அமுதன் போனுக்குக் கை நீட்டினார். ரூபனைத் தோளிலிருந்து இறக்காமலே பேசினார். அவருக்கு இந்த மொழி என்னைவிடக் குறைவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "என் பெயர் அமுதன். என்னிடமிருந்து வந்தது. போன மழைக்காலம். மாத்திரை சாப்பிட்டேன். மறைத்தேன்."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் ஒலி கேட்டது. அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார்.

பொங்கல் பந்தி என் கண்ணில் வந்தது. எவ்வளவு மஞ்சள் என்று கேட்ட முகங்கள். ரூபனோடு அரங்கத்தில் ஓடிப்பிடித்து விளையாடிய குழந்தைகள்.

"இன்னும் இருக்கிறது" என்றேன். "ஹால்விக்கில் எங்கள் ஆட்கள் வீடுகள் எல்லாவற்றையும் நீங்கள் பார்க்க வேண்டும். எல்லா வீட்டையும். தயவுசெய்து."

அவள் தேடினாள். கொஞ்ச நேரம் ஆனது.

"கவலைப்படாதீர்கள்" என்றாள் எனக்கு ஆறுதலாக. "ஒன்றுவிடாமல் எல்லாமே பச்சை."